கும்பத்திலிருந்து வருகிறவை

கான்பெரா
6 ஏப்ரல் 1997

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். அங்கே எல்லோரும் நலம் என்று போன வாரம் அண்ணன் போனில் சொன்னான். நீங்கள் பூத்துக்கு வெளியேதான் நின்றீர்கள் என்பதும் தெரியும். பாப்பாவை அதட்டுகிற குரல் இங்கே வரைக்கும் கேட்டது. உள்ளே வந்து போனை வாங்கி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நம் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அக்டோபர் இதழில் வருகிறது. ஆகஸ்டில் ஜப்பானில் நடக்கிற மாநாட்டில் இதைப் பற்றிப் பேச எனக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். என் வேலையை இன்னும் மூன்று வருடம் நீட்டிப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பதை எங்கள் குழுத் தலைவி இதை வைத்துத்தான் முடிவு செய்யப் போகிறார். அவரே சொல்லிவிட்டார்.

அம்மாவுக்குப் புரிகிற மாதிரி நீங்கள்தான் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் "நட்சத்திரத்த எண்ணவா அம்மாந்தூரம் போன?" என்கிறது. நம் பால்வீதி ஒரே மூச்சில் உண்டானது இல்லை. அக்கம்பக்கத்துச் சின்ன கேலக்ஸிகளை விழுங்கி விழுங்கித்தான் இவ்வளவு பெரிதானது என்று சொல்லுங்கள். விழுங்கப்பட்ட கேலக்ஸியின் நட்சத்திரங்கள் இங்கே வந்து கலந்தாலும் கூட்டத்தை விடுவதில்லை. அவற்றுக்கு ஒரே வயது, ஒரே மாதிரிச் சரக்கு, ஒரே ஓட்டம். வேடந்தாங்கல் ஏரியில் உட்கார்ந்திருக்கிற பறவையில் பாதி அங்கே பொரித்தது இல்லை என்று சொன்னால் அம்மாவுக்குச் சட்டென்று பிடிபடும். கும்ப ராசிப் பக்கம் நாம் பொறுக்கி எடுத்த கிழட்டு நட்சத்திரங்கள் அத்தனையும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் குறுக்கே ஓடுகின்றன. எங்கோ பிறந்து இங்கே வந்த கூட்டம். அதைக் கண்டுபிடித்தது நாம்.

'நாம்' என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனிக்கவும். கட்டுரையில் முதலில் என் பெயர், அடுத்து உங்கள் பெயர், முழுதாக. மூன்றாவது உங்கள் கைடு ராஜாராம் சார். போன வருட மாநாட்டுத் தொகுப்பில் 'ஜெனிட்டா மற்றும் குழுவினர்' என்று சுருக்கியது அச்சடித்தவர்கள். நான் இல்லை. இதை எத்தனை தரம் சொல்வது என்று தெரியவில்லை. ஒன்பது மாதமாக ஒரு வரிகூட எழுதாமல் இருக்கிற அளவுக்கு அது என்ன கொலைக் குற்றமா?

பாப்பாவுக்கு என் முத்தம்.

ஜெனிட்டா

*

செங்கல்பட்டு
24 ஏப்ரல் 1997

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்கே யாரும் கெட்டுப்போகவில்லை. அங்கேயும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

கட்டுரை ஏற்கப்பட்டதற்குக் குழுவினர் சார்பில் வாழ்த்துகள். குழுவினர் என்பது நானும், கல்லூரியில் இருக்கிற ஒரே ஒரு கம்ப்யூட்டரும், அதற்குப் போர்த்தியிருக்கிற பூப்போட்ட துணியும். அந்த அறைக்குள் போக இன்னமும் செருப்பைக் கழற்ற வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். எனக்கு ஆகும்.

நீங்கள் விமானம் ஏறிய வருடம், மலை மேல் அந்தப் பழைய ஆய்வகத்தில் நான் ஆறு மாதக் கர்ப்பத்தோடு உட்கார்ந்து, உங்கள் புதுப் படத்தோடு ஒப்பிட, ஐம்பதுகளில் வானத்தைப் படம் பிடித்த கண்ணாடித் தகடுகளில் ஒவ்வொரு புள்ளியாக அளந்தேன். உள்ளேயிருந்து பாப்பா உதைத்தால் கை ஆடும். மறுபடி முதலிலிருந்து அளப்பேன். புகார் சொல்லவில்லை. 'குழுவினர்' என்கிற சொல்லுக்குள் இவ்வளவும் அடங்குமா என்றுதான் யோசிக்கிறேன்.

அந்தக் குழந்தைக்கு இரண்டு வயது ஆகப் போகிறது. உங்கள் அம்மா, "அத்தக்காரி வந்து காதுல பேரு சொல்லட்டும், அப்புறம் கூப்புடலாம்" என்று பிடித்த பிடியில் நிற்கிறார்கள். அத்தைக்காரியோ ஆஸ்திரேலியாவில். ஆகவே பாப்பா பாப்பாவாகவே இருக்கிறாள். நல்ல வேளை, பள்ளிக்கூடத்தில் சேர்க்க இன்னும் காலம் இருக்கிறது.

என் ஆய்வேட்டுக்கு, அளவுகளை எப்படிச் சரிபார்த்தோம் என்று தனியாக ஒரு அத்தியாயம் எழுதச் சொல்கிறார் ராஜாராம் சார். பழைய கோப்புகளைப் புரட்ட ஆரம்பித்திருக்கிறேன். தங்கள் பணிக்கு இடைஞ்சல் இல்லாமல் செய்துகொள்வேன்.

குழுவினரில் ஒருத்தி,
வரலட்சுமி

*

செங்கல்பட்டு
1 ஜூன் 1997

ஜெனி,

சண்டையை ஓரமாக வை. இதை உட்கார்ந்து படி.

அந்தத் தகடுகளில் நட்சத்திரங்களோடு பத்து மங்கல் புள்ளிகளையும் நான் அளந்திருந்தேன், நினைவிருக்கிறதா? சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்தவை. அவை நட்சத்திரம் இல்லை; வெகு தூரத்தில் இருக்கிற கேலக்ஸிகள். நமக்குத் தேவையில்லை என்று நீ கணக்கில் சேர்க்கவில்லை. நானும் அவற்றை மறந்துவிட்டிருந்தேன். அத்தியாயத்துக்குப் பக்கம் சேரட்டுமே என்றுதான் போன வாரம் அவற்றையும் எடுத்து, நீ அங்கே தொலைநோக்கியில் எடுத்த படத்தில் இப்போது எங்கே இருக்கின்றன என்று பார்த்தேன்.

அவையும் ஓடுகின்றன. அதே திசையில். அதே வேகத்தில்.

அவ்வளவு தூரத்தில் இருக்கிற ஒரு கேலக்ஸி நாற்பது வருடத்தில் நம் கண்ணுக்கு மயிரிழை கூட நகராது. நகரவே கூடாதது நகர்கிறது என்றால், நகர்ந்தது அது இல்லை, நம் அளவுகோல். செங்கல்பட்டு ஜங்ஷனில் பக்கத்து ரயில் கிளம்பினால் நம் ரயில்தான் கிளம்பிவிட்டது என்று நினைத்து டீயை அவசரமாகக் குடித்து வாயைச் சுட்டுக்கொள்வாயே, அதே கதை.

வேறு விதமாக மூன்று தரம் போட்டுப் பார்த்துவிட்டேன். நம் கூட்டம் ஓடவில்லை, ஜெனி. எங்கே தப்பு என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் தப்பு இருக்கிறது.

கட்டுரை அச்சுக்குப் போவதற்குள் நிறுத்து. மாநாட்டுக்கு முன்னால் நிறுத்து.

வரா

*

கான்பெரா
16 ஜூன் 1997

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

கட்டுரையை இரண்டு பேர் வரி வரியாகப் படித்துத்தான் ஏற்றிருக்கிறார்கள். இரண்டு பேரும் இந்தத் துறையில் தலைமுடி நரைத்தவர்கள். அவர்கள் கண்ணுக்குப் படாத தப்பு, சிவப்புப் பென்சிலில் வட்டம் போட்ட பத்து மங்கல் புள்ளிகளில் தெரிகிறது என்கிறீர்கள். மங்கலான புள்ளிக்கு நடு எது என்று அளப்பதே கஷ்டம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போடுகிற கணக்கை நம்பி நான் என் வேலையைத் தூக்கிப் போட முடியாது.

இன்னொன்றும் கேட்கிறேன். ஒன்பது மாதம் பேசாமல் இருந்துவிட்டு, கட்டுரை ஏற்கப்பட்டது என்று நான் எழுதின பிறகு இந்தப் புள்ளிகள் ஏன் உங்கள் கண்ணில் பட்டன?

ஜப்பானுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

ஜெனிட்டா

*

செங்கல்பட்டு
2 ஜூலை 1997

ஜெனிட்டா,

நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன் அம்மா முகத்தில் கூட விழிக்கப் பிடிக்கவில்லை. மூக்கு உன் மூக்கு, அதனால். பொறாமையில் சொல்கிறேன் என்று நேராகவே எழுதியிருக்கலாம். எம்.எஸ்சி. படித்த காலத்தில் லேபில் ஒரே ஸ்டூலில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்தவர்கள் நாம். நேராகக் கேட்கிற உரிமை உனக்கு இருந்தது.

ஆமாம், கணக்குப் போடும்போது குழந்தை இடுப்பில்தான் இருந்தது. கணக்கு சரியாக இருந்தது.

தப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். சொல்கிறேன், பிறகு நீ என்னவாவது செய்.

வானத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கிற இடத்தை முகவரி என்று வைத்துக்கொள்; பழைய தகட்டில் அளந்தது 1950 முகவரி. உன்னுடையது, இப்போது எல்லோரும் வைத்துக்கொள்கிற 2000 முகவரி. பூமியின் அச்சு சுழன்று ஆடுவதால் நட்சத்திரத்தின் முகவரியே மாறிக்கொண்டிருக்கிறது. பழையதைப் புதியதாக மாற்றித்தான் இரண்டையும் ஒப்பிட வேண்டும். இது பாலபாடம். அப்படி மாற்றும்போது ஒரு பொடித் திருத்தம் உண்டு. பூமி சூரியனைச் சுற்றுகிற பாதை சரியான வட்டம் இல்லாததால் வருவது. இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவு சின்னது. பல பேர் மறந்தே போவார்கள். நீ எப்போதும் மறப்பாய். அதனால் போன அக்டோபரில் ஃப்ளாப்பி அனுப்பும் முன் நானே அந்தத் திருத்தத்தைச் செய்துவிட்டேன்.

இப்போது நீ சொல். நீயும் செய்தாயா?

செய்திருப்பாய். வரா வீட்டு வேலையில் கிடக்கிறாள், அவளுக்கு எங்கே இதெல்லாம் நினைவிருக்கப் போகிறது என்று நினைத்திருப்பாய். ஒரே திருத்தத்தை இரண்டு பேர் ஆளுக்கு ஒரு தரம் செய்தால் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று போட்டுப் பார்த்தேன். உன் கூட்டம் 'ஓடுகிற' தூரம் அப்படியே அச்சு அசலாக வருகிறது. திசை உட்பட.

அப்போது உன்னோடு பேசுவதில்லை என்று வீம்பாக இருந்தேன். ஆனாலும் வேலை கெடக்கூடாது என்று, உனக்குப் போன் பண்ணப் போன உன் அண்ணனிடம், "1950 திருத்தம் நான் செஞ்சாச்சு, அவள மறுபடி செய்ய வேணாம்னு சொல்லுங்க" என்று சொல்லித்தான் அனுப்பினேன். சொன்னாரா இல்லையா என்று முந்தாநாள் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாமே, இப்பப் போயி கேக்குற. மீட்டரு ஓடிகினு கீது, பூத்துக்காரன் என் மூஞ்சியவே பாத்துகினு கீறான். அம்பது, ரெண்டாயிரம், திருத்தம்னு நீ சொன்னத பூராவும் சொல்லிகினு இருந்தா வூட்ட வித்துதான் பில்லு கட்டணும். அதான், வரா எல்லாம் செஞ்சிட்டா, நீ ஒண்ணும் கவலப்படாதன்னு சொல்லிட்டேன். நல்ல சேதிதானே அது?"

அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்குத் தெம்பு இல்லை. மின்சார வாரியத்தில் வேலை பார்க்கிறவர், மீட்டர் ஓடினால் பதறத்தான் செய்வார். நாம் இரண்டு பேரும் பேசாமல் இருந்துவிட்டு நடுவில் அவரை நிறுத்தி வைத்தோம். இந்த மாதிரித் தப்பு நம் வீட்டில்தான் நடக்கும்.

நீ போய்ப் பேசினால் பேசு. நாளைக்கு வேறு யாராவது அந்தப் பத்துப் புள்ளிகளைப் பார்ப்பார்கள். அன்றைக்கு உனக்காகப் பேச நான் அங்கே இருக்க மாட்டேன் என்பதுதான் எனக்குப் பயம்.

வரலட்சுமி

*

கான்பெரா
15 ஜூலை 1997

வரா,

நீ சொன்னதுதான் சரி.

உன் கடிதம் வந்த அன்றைக்கே, கோட்டைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து புரோகிராமில் என் திருத்தத்தை எடுத்துவிட்டு ஓட்டினேன். கூட்டம் நின்றுவிட்டது. உன் மங்கல் புள்ளிகளும் நின்றுவிட்டன. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்தத் திருத்தத்தை எழுதும்போது 'இதை வரா செய்திருப்பாளோ' என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது. கேட்டு ஒரு வரி எழுதியிருக்கலாம். நீ எழுதாதபோது நான் ஏன் முதலில் எழுத வேண்டும் என்று இருந்துவிட்டேன். அண்ணன் மேல் எந்தத் தப்பும் இல்லை, அவனிடம் சொல்.

மறுநாள் குழுத் தலைவியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் தாளை வாங்கிக் கணக்கைத் தானே ஒரு தரம் போட்டுப் பார்த்தார். பிறகு, "கண்டுபிடித்தது யார்?" என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். அவருக்கு உச்சரிக்க வரவில்லை. ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கே இதழுக்கு எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டோம். இன்னும் பத்துப் பதினைந்து நாள் போயிருந்தால் அச்சுக் கோக்க ஆரம்பித்திருப்பார்களாம். ஜப்பான் பேச்சும் ரத்து.

உனக்கு ஒரு விநோதம் சொல்கிறேன். அறைக்குத் திரும்பி நன்றாகத் தூங்கினேன். ஏப்ரலிலிருந்து அப்படித் தூங்கவில்லை. எனக்குள்ளேயே எங்கோ ஒரு மூலையில் சந்தேகம் இருந்திருக்கிறது போல. எல்லா நட்சத்திரமும் அவ்வளவு ஒழுங்காக ஓடும்போதே யோசித்திருக்க வேண்டும். நம் ஊரில் எந்தக் கூட்டம் வரிசையில் போயிருக்கிறது?

வேலை என்ன ஆகும் என்று தெரியவில்லை. டிசம்பர் வரை இருக்கலாம். பிறகு பார்ப்போம் என்கிறார். கையில் ஒன்றும் இல்லாமல் ஊருக்கு வந்தால் அம்மா தெருவில் என்ன சொல்லும் என்று நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது.

இடுப்பில் குழந்தை என்று எழுதினேனே, அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியவில்லை. எழுதும்போதே கை கூசியது. கூசியும் எழுதினேன். உன்னைத் தவிர வேறு யாரையும் எனக்கு இப்படிக் காயப்படுத்தத் தெரியாது. மன்னித்துவிடு.

உன்
ஜெனி

*

செங்கல்பட்டு
30 ஜூலை 1997

அடியே ஜெனி,

வயிற்றில் பாலை வார்த்தாய். கட்டுரை நின்றது என்று படித்ததும் அடுப்பில் வைத்த பாலை மறந்து, அது பொங்கி வழிந்து, உன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வாங்கிக்கொண்டே சிரித்தேன். மருமகளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று திருக்கழுக்குன்றத்தில் இருக்கிற உன் சித்தி வரைக்கும் சேதி போய்விட்டது.

மன்னித்தாயிற்று. ஆனால் நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அது உள்ளேயே கிடந்து புழுங்கும். அந்தக் 'குழுவினர்' விஷயத்தில் எனக்குக் கோபம் அச்சடித்தவன் மேல் இல்லை, உன் மேல் கூட இல்லை. தொகுப்பு வந்ததும் அதை என் அப்பாவிடம் காட்டக் கொண்டுபோனேன். சூளையில் வேலை முடிந்து கை கால் கழுவிக்கொண்டு வந்தார். அவருக்கு இங்கிலீஷில் தெரிந்தது என் பெயர் ஒன்றுதான். என் மார்க் ஷீட்டுகளைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. தாளை வாங்கி விரல் வைத்துத் தேடினார். மேலிருந்து கீழே, மறுபடி மேலிருந்து. பிறகு, "கண்ணு சரியா தெரியலமா, காலைல பாக்குறேன்" என்று மடித்துக் கொடுத்தார். அவருக்குக் கண் நன்றாகத்தான் தெரியும். எனக்கு அது ஆறவில்லை. உன்னிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஆறியிருக்கும். சொல்லாமல் முறுக்கிக்கொண்டேன்.

சரி, விடு. இப்போது வேலைக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மாமல்லபுரம் போனோம். ஆடிக் காற்று அள்ளி வீசுகிறது. பாப்பாவுக்குக் கடலைக் கண்டால் பயம். உன் அண்ணன் தோளை விட்டு இறங்கவில்லை. குப்பத்துப் படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. வடக்கே போகிற படகு போவது நன்றாகத் தெரிந்தது. ஒன்று மட்டும் நங்கூரம் போட்ட மாதிரி அதே இடத்தில் நின்றது. "இன்னாடா இது, டீசல் தீந்துபோச்சா?" என்றார் உன் அண்ணன். நான் மணலில் உட்கார்ந்து அதையே பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அது பெரிதாகி, நேராக எங்கள் முன்னாலேயே வந்து கரை ஏறியது. நம்மை நோக்கி நேராக வருகிற படகு, தூரத்தில் இருக்கும்போது நிற்கிற மாதிரிதானே தெரியும்?

ஜெனி, நம் கூட்டம் குறுக்கே ஓடவில்லை, சரி. ஆனால் அவற்றின் வயது இன்னும் ஒன்றேதான். தூரமும் ஏறக்குறைய ஒன்றேதான். அதெல்லாம் நிறத்திலிருந்தும் வெளிச்சத்திலிருந்தும் எடுத்தது. திருத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அப்படியானால் அவை எங்கேயும் போகாமல் சும்மா நிற்கின்றனவா, அல்லது நேராக வருகின்றனவா? இரண்டில் எது என்று நாம் பார்க்கவே இல்லையே! ஓட்டம்தான் கிடைத்துவிட்டதே என்று ஸ்பெக்ட்ரம் எடுக்காமல் விட்டோம்.

அவற்றின் ஒளியைப் பிரித்துப் பார். அதில் தெரிகிற கருப்புக் கோடுகள் எல்லாம் நீலப் பக்கம் நகர்ந்திருந்தால், நம்மை நோக்கி வருகின்றன. ஆளுக்கு ஒரு பக்கம் என்றால் நம் கதை முடிந்தது. நானும் நிம்மதியாக வேறு தலைப்பு பார்த்துக்கொள்கிறேன். செப்டம்பரில் கும்பம் அங்கே தலைக்கு மேல் வரும். தொலைநோக்கியில் உனக்கு நேரம் கொடுப்பார்களா? காலைப் பிடித்தாவது கேள்.

முகவரித் திருத்தம் எதுவும் இதில் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து கெடுக்க முடியாது.

உன் அம்மா சொல்லச் சொன்னது: "ஒண்ணும் இல்லாம வந்தா இன்னா, வூடுன்னு ஒண்ணு கீது இல்ல. தெருவுல எவனாவது இன்னான்னு கேக்கட்டும், நான் பாத்துக்கறேன்."

வரா

*

கான்பெரா
19 அக்டோபர் 1997

வரா,

இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தொலைந்து போனால் என்னால் இரண்டாம் தரம் எழுத முடியாது.

காலைப் பிடிக்கவெல்லாம் வேண்டியிருக்கவில்லை. உன் கடிதத்தை அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன், படகு உட்பட. குழுத் தலைவி தன் நேரத்திலிருந்தே மூன்று இரவு எனக்குக் கொடுத்தார். முதல் இரண்டும் மழை. ஊரில் பெய்ய வேண்டிய மழையெல்லாம் இங்கே எதற்கு என்று மேகத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவதில் வானம் திறந்தது.

முதல் நட்சத்திரம். கோடுகள் நீலப் பக்கம். ஒன்றுதானே, தற்செயல் என்றேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது சும்மா நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது மறுபடி நீலம், முதலில் வந்த அதே வேகம். எல்லாம் இல்லை, வரா. கால்வாசி வேறு எதுவோ. வழியில் சும்மா நிற்கிறவை. மற்ற அத்தனையும் ஒரே வேகத்தில் நேராக வருகின்றன. ஒரே மாதிரிச் சரக்கு: இரும்பு அவ்வளவு குறைவு, நம் பக்கத்து நட்சத்திரங்களோடு சேரவே சேராது.

அளவுகோலையும் சரிபார்த்தேன். வேகம் தெரிந்த வேறு நட்சத்திரங்களை நடுநடுவே பார்த்து, நிற்க வேண்டியது நிற்கிறதா, வர வேண்டியது வருகிறதா என்று. என் கணக்கை மறைத்து வைத்துவிட்டு இன்னொருவரையும் தனியாகப் போடச் சொன்னேன். இந்தத் தரம் யார் எதைச் செய்தார்கள் என்று வாயைத் திறந்து கேட்டேன். முடிவு மாறவில்லை.

கூட்டம் உண்டு. எங்கோ பிறந்து, உடைந்து, நம் பால்வீதிக்குள் வந்துகொண்டிருக்கிற கூட்டம். நாம் சொன்னதில் 'வந்தவை' என்பது சரி. எந்தப் பக்கம் என்பதுதான் தப்பு.

புதுக் கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டேன். முதல் பெயர் உன்னுடையது. இதில் பேச்சுக்கு இடம் இல்லை. நீ முதலில், அடுத்து நான், பிறகு ராஜாராம் சார். 'முதல் பெயரும் மற்றவர்களும்' என்று எவனாவது சுருக்கினால், அந்த மற்றவள் நான். உன் அப்பாவுக்கு அனுப்ப ஒரு நகல் தனியாக எடுத்து வைப்பேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக அடிக்கச் சொல்கிறேன், தேடவே வேண்டாம்.

வேலையை மூன்று வருடம் நீட்டிவிட்டார்கள். தப்பைத் தானாக வந்து சொன்ன ஆளை அனுப்பிவிட்டு வேறு எந்த ஆளைத் தேடுவது என்றாராம் தலைவி. கேட்டதும் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

டிசம்பர் இருபதாம் தேதி மீனம்பாக்கத்தில் இறங்குகிறேன். ஒரு மாதம் இருப்பேன். அண்ணனை வரச் சொல். பாப்பாவுக்கு ஒரு பெயர் யோசித்து வைத்திருக்கிறேன். பயப்படாதே, நட்சத்திரத்தின் பட்டியல் எண் இல்லை. காதில் சொல்கிற வரைக்கும் யாருக்கும் சொல்வதாக இல்லை, உனக்கும்தான்.

ஜெனி

*

செங்கல்பட்டு
5 நவம்பர் 1997

அடியே என் ஜெனி,

உன் பதிவுத் தபால் செய்த கூத்தைக் கேள். தபால்காரர் வந்தபோது நான் கல்லூரியில். உன் அம்மா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ரேஷன் கடையில். சீட்டை எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையிலிருந்து கொட்டுகிற மழை. கொளவாய் ஏரி ரோட்டைத் தொட்டுவிட்டது. கல்லூரிக்கு லீவு விட்டார்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு தபால் ஆபீஸுக்குக் கிளம்பினேன். இந்த மழையில் எங்கே என்று உன் அண்ணன் கேட்டதற்குப் பதில் கூடச் சொல்லவில்லை.

கையெழுத்துப் போட்டு வாங்கினேன். வீட்டுக்குப் போய்ப் பிரிக்கிற பொறுமை இல்லை. கவுண்டர் பக்கத்தில் நின்றபடியே கிழித்தேன். மூன்றாவது நட்சத்திரம் சும்மா நின்றது என்று எழுதியிருந்தாயே, பாவி, அந்த இடத்தில் பக்கம் முடிந்து அடுத்த தாள். கை ஈரத்தில் தாள் ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்றது. பிரித்துப் படித்ததும் அங்கே இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்து, இத்தனை மாதத்துக்கும் சேர்த்து அழுதேன். குடை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். ஸ்டாம்ப் வாங்க வந்தவர்களெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பாவுக்கு எழுத்தைப் பெரிதாக அடிக்க வேண்டாம். எப்போதும் போல இருக்கட்டும். அவர் தேடிக் கண்டுபிடிக்கட்டும், அந்தச் சந்தோஷத்தை அவருக்கு விடு.

உன் அம்மா இப்போதே கிறிஸ்துமஸ் கேக்குக்கு மாவு சலிக்க ஆரம்பித்துவிட்டார்கள். உன் அண்ணன் மீனம்பாக்கத்துக்கு வேன் பேசிவிட்டார். நீ இறங்கியதும் முதலில் தன்னோடுதான் பேச வேண்டுமாம், பூத்தில் விட்டதையெல்லாம் முழுசாகச் சொல்ல வேண்டுமாம். பாப்பா வாசலில் எந்த ஆட்டோ நின்றாலும் "அத்த" என்கிறாள்.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். நான் அழுதுகொண்டிருந்தபோது போஸ்ட் மாஸ்டர் எழுந்து வெளியே வந்துவிட்டார். வயதானவர், நல்ல மனிதர். வெளிநாட்டுக் கவர், கையில் தாள், பெண்பிள்ளை அழுகை. அவர் வேறு என்ன நினைப்பார்? கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார்.

"யாருமா? யாராவது தவறிட்டாங்களா?"

"இல்ல சார்," என்றேன். "வந்துகினு கீறாங்க."

வரா